பிறை பார்த்து வருவோரே, ஏரியையும் பாருங்கள்!



கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத இல்லம் நம்மில் அரிது. சிங்கப்பூரில் தம்பி, துபாயில் மருமகன், மஸ்கட்டில் மைத்துனர் என்று யாரேனும் ஒருவர் இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோ அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "விடுமுறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஊருக்கு எந்த மாதம் வரலாம்?" நாமும் சிறிதும் சிந்தியாமல், "பெருநாளுக்கு வாருங்கள்" என்று விடை கூறிவிடுவோம்.

அவ்விடை பிழையன்று. பெருநாள் தொழுகையில் பெற்ற தந்தையின் அருகே நிற்பதும், தாயின் கையால் ஆக்கிய உணவை உண்பதும் எந்தச் செல்வத்தாலும் கிடைக்காதவை. ஆயினும், பெருநாளுக்கு வருபவர் மறுநாளே திரும்பிவிடுவதில்லை. மூன்று வாரம், நான்கு வாரம் தங்குகிறார். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த தம் பிள்ளைகளுக்குத் தாய்நாட்டின் அழகைக் காட்ட விரும்புகிறார். அங்கேதான் இடர் தோன்றுகிறது. எந்த இடத்திற்கு எந்தப் பருவத்தில் போவது என்பதை அவரும் கேட்டிருக்க மாட்டார். நாமும் சொல்லியிருக்க மாட்டோம்.

செங்கற்பட்டை அடுத்த சிற்றூர் ஒன்றின் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் நான், இப்பிழையை என் சொந்த மாமாவுக்கே செய்தேன். அதை ஒளிக்காமல் கூறி, எங்கள் ஏரிகளுக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் வர விரும்புவோர்க்கு எந்த மாதம் எதற்கு ஏற்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவன் எழுதிய கடிதம்

1996-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் பிப்ரவரித் திங்களின் பிற்பகுதியில் வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. பெருநாளுக்கு மூன்றாம் நாள் அத்தா என்னையும் என் தங்கையையும் பேருந்தில் ஏற்றி வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றார். ஏரிக்கரைமீது ஏறி நின்றபோது கண்ட காட்சி இன்றும் மறக்கவில்லை. ஏரி நிறைய நீர். நீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள். இலை தெரியாதபடி மரமெங்கும் பறவைகள். ஒவ்வொரு கிளையிலும் கூடு. ஒவ்வொரு கூட்டிலும் வாய் பிளந்து இரை கேட்கும் குஞ்சுகள். தங்கை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் கைவிட்டாள்.

என் தாயாரின் தம்பி அப்போது ஓமான் நாட்டின் ஸலாலா நகரில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவருக்கு அன்றிரவே ஒரு கடிதம் எழுதினேன். "மாமா, நீங்கள் பெருநாளைக்கு வந்தால் பறவைகளைப் பார்க்கலாம். பெருநாளைக்கு எல்லாப் பறவைகளும் இங்கே வந்துவிடுகின்றன" என்பதே அதன் சாரம். சிறுவனின் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது.

மாமா அதை மறக்கவில்லை. ஆனால் அவர் ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பு முந்திக்கொண்டது. ஒருமுறை தங்கையின் நிக்காஹ், ஒருமுறை வீட்டுக்குக் கூரை போடுதல், ஒருமுறை பாட்டியின் மையித்து. இருபத்து மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 2019-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வந்தவர், பெருநாள் தொழுகை முடிந்து என்னைத் தழுவியபோதே, "இந்த முறை உன் பறவைகளைக் காட்டாமல் விடமாட்டேன்" என்றார்.

அவ்வாண்டுப் பெருநாள் வந்தது ஜூன் 5-ஆம் நாள்.

வறண்ட ஏரியின் கரையில்

அந்தக் கோடையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போக, சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றி, மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற கோடை அது. எங்கள் மாவட்டத்து ஏரிகளின் நிலையும் அதுவே.

இவ்வளவும் தெரிந்திருந்தும், மாமாவின் ஆசைக்கு மறுப்புக் கூற நாவெழாமல் அழைத்துச் சென்றேன். ஏரி இருந்த இடத்தில் வெடித்த களிமண் கிடந்தது. மரங்கள் வெறுங்கிளைகளோடு நின்றன. சில கிளைகளில் பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் தொங்கின. வாயிலருகே அமர்ந்திருந்த பெரியவர், "பறவையெல்லாம் எப்பவோ போயிடுச்சு பாய். கார்த்திகைக்கு மேல வாங்க" என்றார்.

நான் தலைகுனிந்து நின்றேன். மாமா சினக்கவில்லை. சற்று நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஸலாலாவில் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை 'கரீஃப்' என்று ஒரு பருவம் உண்டு. அரபு நாடெல்லாம் வெயிலில் வேகும்போது அங்கே மட்டும் சாரல் பெய்து மலையெல்லாம் பச்சையாகிவிடும். வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிலர் விவரம் தெரியாமல் நவம்பரில் வந்து, 'பச்சை எங்கே?' என்று கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம். இன்றைக்கு நானே அப்படி வந்து நிற்கிறேன்."

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. ஸலாலாவின் பருவத்தை மாமா அறிவார். அவர் பிறந்த மண்ணின் பருவத்தை அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். நானோ 1996-இல் எழுதியதையே 2019-இலும் நம்பியிருந்தேன். பறவைகள் பெருநாளுக்காக வரவில்லை. அவ்வாண்டு பெருநாள்தான் பறவைகளின் காலத்தில் வந்திருந்தது!

இரு நாட்காட்டிகள்

நம் ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. 354 அல்லது 355 நாள் கொண்டது. ஆகவே நம் பெருநாள்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் கோடை, மழை, பனி எனும் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகின்றன. அறியாமைக் காலத்து அரபுகள் மாதங்களைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிவைக்கும் 'நஸீ' எனும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். இஸ்லாம் அதனை ஒழித்தது. அதனால்தான் ஒருவர் தம் வாழ்நாளில் நீண்ட பகலிலும் நோன்பு நோற்கிறார், குறுகிய பகலிலும் நோற்கிறார். உலகின் எந்த மூலையில் வாழ்பவருக்கும் எளிமையும் கடுமையும் மாறி மாறிக் கிடைக்கின்றன.

ஆனால் மழையும் பயிரும் பறவையும் பிறையைப் பின்பற்றுவதில்லை, கதிரவனைப் பின்பற்றுகின்றன. இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். இந்தியாவை ஆண்ட முகலாயர் வணக்கத்திற்கு ஹிஜ்ரி ஆண்டைக் கொண்டபோதே, நிலவரிக்கு அறுவடையைத் தழுவிய 'பசலி' எனும் சூரிய ஆண்டைத் தனியே வகுத்தனர். விளையாத மாதத்தில் குடியானவனிடம் வரி கேட்பது நீதியன்று அல்லவா? அந்தப் பசலி ஆண்டு இன்றும் தமிழ்நாட்டு வருவாய்த் துறைக் கணக்கில் வழங்குகிறது. ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. தாலுகா அலுவலகத்து ஜமாபந்தியில் பசலி எண்ணைக் கண்டிராத நிலவுடைமையாளர் இருக்க முடியாது.

ஆகவே, சுற்றுலாவுக்கும் இரு நாட்காட்டிகள் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஊருக்கு வரும் நாளைப் பிறையைக் கொண்டு குறியுங்கள். ஊர் சுற்றும் நாளை மழையைக் கொண்டு குறியுங்கள். இரண்டும் ஒத்து வராத ஆண்டில், எதற்காக வருகிறோம் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏரி சொல்லும் கணக்கு

செங்கற்பட்டு எனும் பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபு என்பர். பெயரிலேயே நீர்ப்பூவைக் கொண்ட இம்மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். செங்கற்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டியே கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. தெற்கே சென்றால் மதுராந்தகம் ஏரி. இவை யாவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை.

வேடந்தாங்கல் ஏரி பரப்பில் சிறியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆயினும் அதன் அமைப்பு வியப்பிற்குரியது. மழைநீர் ஏறியதும் நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் நீருக்குள் தீவுகளாகிவிடுகின்றன. தரைவழி வரும் பகை விலங்கு எளிதில் அண்ட முடியாது. சுற்றிலும் நெல் வயல்களிலும் சிறு குட்டைகளிலும் மீனும் நத்தையும் தவளையும் பெருகும் காலம் அதுவே. கூட்டுக்குக் காவலும் குஞ்சுக்கு இரையும் ஒருசேரக் கிடைக்கும் அந்த நான்கைந்து மாதங்களையே பறவைகள் தேர்ந்துகொள்கின்றன. நவம்பரில் வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் கூடுகள் குஞ்சுகளால் நிறைகின்றன. மார்ச்சுக்குப் பின் நீர் குறையக் குறைய, பறந்து பழகிய குஞ்சுகளோடு கலைந்து செல்கின்றன.

இங்கு வருபவை எல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே; நீரும் இரையும் நாடி இடம் மாறுபவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவையே வடபுலத்துக் குளிருக்கு அஞ்சித் தொலைவிலிருந்து வருபவை. அவை இங்கே குளிர்காலத்தைக் கழிக்குமேயன்றிக் கூடு கட்டுவதில்லை; கோடையில் தம் நாடு திரும்பியே முட்டையிடும். ஊருக்கு வந்து விடுமுறை கழித்துவிட்டு, வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் திரும்பிப் போகும் நம் உறவினரை அவை நினைவூட்டுகின்றன.

இப்பறவைகளைக் காத்தவர்கள் ஊர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் வேட்டையாட வந்தபோது அவர்கள் முறையிட, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1798-இல் ஊராரின் உரிமையை ஏற்று ஆணை அளித்தார் என்பது வரலாறு. இன்றும் தீபாவளிக்கு இவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. தம் பண்டிகையின் ஆரவாரத்தை அண்டை உயிருக்காக விட்டுக்கொடுக்கும் அம்மக்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. வேடந்தாங்கலும் அதனருகே உள்ள கரிக்கிலி ஏரியும் 2022-இல் உலகச் சிறப்பு வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

செல்வோர்க்கு ஒரு குறிப்பு. அதிகாலையிலோ, மாலை நான்கு மணிக்குப் பின்னரோ செல்லுங்கள். பறவைகள் இரை தேடிச் செல்வதும் கூடடைவதும் அப்போதுதான். அஸர் தொழுதுவிட்டுக் கரையில் நடந்தால், மஃக்ரிபுக்கு முன் வானமே சிறகுகளால் அசைவதைக் காணலாம்.

கடற்கரையின் பன்னிரு மாதங்கள்

இனி, கடற்கரைக்கு வருவோம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். பல்லவர் காலத்துக் கற்கோயில்களும் குடைவரைகளும் நிறைந்த இவ்வூரை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லில் செதுக்கியவை ஆண்டு முழுதும் நம்மை எதிர்நோக்கி நிற்கும். காற்றும் கடலும் கூட்டமும்தான் மாதத்துக்கு மாதம் மாறும்.

அக்டோபர் நடு முதல் டிசம்பர் நடு வரை மழைக்காலம், புயற்காலமும் அதுவே. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரத்தருகேதான் கரையேறியது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்குவதால், அங்கிருந்து வருவோர் இந்நாள்களில்தான் வந்திறங்குகிறார்கள். அவர்கள் முதல் இரு வாரங்களை உறவினர் வீடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, வெளியூர்ப் பயணத்தை டிசம்பர் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைப்பது நலம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் உயிரிழந்தோரை நினைத்து இக்கரையின் மீனவர் குடும்பங்கள் அந்நாளில் அஞ்சலி செலுத்துவதைக் காண்போர், அமைதி காத்து நிற்றல் வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரியில், தமிழ்நாடு சுற்றுலாத் துறை மாமல்லபுரத்தில் இந்திய நாட்டிய விழாவை நடத்துகிறது. அதில் விருப்பம் உடையோரும் இருப்பர், இல்லாதோரும் இருப்பர். எவராயினும், அந்நாள்களில் விடுதிகளில் இடம் அரிது, வாடகையும் மிகுதி என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பொங்கலை ஒட்டிவரும் காணும் பொங்கலன்று மாமல்லபுரம், வேடந்தாங்கல் இரண்டிலும் கால் வைக்க இடமிராது. கைக்குழந்தையோடும் முதியோரோடும் அன்று புறப்படாதீர்கள். அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு வேலை நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். அதே பறவைகள், பத்தில் ஒரு பங்கு கூட்டம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவு நேரத்தில் இக்கடற்கரைக்கு வேறொரு விருந்தாளி வருகிறது. முட்டையிடக் கரையேறும் கடலாமை அது. பங்குனியோடு பிணைத்துப் 'பங்குனி ஆமை' என்றே மீனவ மக்கள் அதற்குப் பெயரிட்டுள்ளனர். பெயருக்குள்ளேயே பருவத்தைப் பொதிந்து வைத்த அவர்களின் அறிவை என்னென்பது! மணலில் புதைத்த முட்டைகள் ஏறத்தாழ ஏழு வாரத்தில் பொரிந்து, குஞ்சுகள் ஒளியை நோக்கிக் கடலுக்கு ஓடுகின்றன. கரையில் எரியும் விளக்குகள் அவற்றை வழிதவறச் செய்துவிடும். ஆகவே அக்காலத்தில் இரவில் கரையில் நடப்போர் கைவிளக்கை அணைத்துவிடுங்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. வலையில் சிக்கி மூச்சு முட்டியதே முதன்மைக் காரணம் எனக் கூறப்பட்டது. மூச்சு விட அவை நீரின்மேல் வந்தாக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மாசித் திங்களின் முழுநிலவு நாளில் இருளர் பழங்குடி மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரக் கரையில் கூடுகின்றனர். மணலில் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்கி, விடியலில் தம் வழிபாட்டையும் திருமணங்களையும் நடத்துகின்றனர். அது அவர்களின் குடும்ப நிகழ்ச்சி. அந்நாளில் அங்கிருக்க நேர்ந்தால், விலகி நின்று பாருங்கள். கேளாமல் படம் எடுக்காதீர்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கடும் வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் நல்ல மீன் கிடைப்பதும் அரிது. உள்ளூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதொன்றே இக்காலத்தின் வசதி.

ஜூலை, ஆகஸ்டில் வளைகுடா நாட்டுப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. நம்மவர் பெரும்பாலோர் வருவது அப்போதுதான். அவர்களுக்குப் பறவைகள் கிட்டா. ஆனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஆகஸ்டின் கடற்காற்றைப் பயன்படுத்தி, 2022-இல் மாமல்லபுரத்திலும் 2024-இல் திருவிடந்தையிலும் பன்னாட்டுப் பட்டத் திருவிழா நடைபெற்றது. 1976-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி முதலைப் பண்ணையும், முட்டுக்காட்டுப் படகுத் துறையும் எக்காலத்திலும் பிள்ளைகளை மகிழ்விப்பவை.

காத்திருப்பவையும் காத்திராதவையும்

எப்போது வந்தாலும் காணத்தக்க இடங்கள் சில, நம் வரலாற்றோடு தொடர்புடையவை. கோவளத்தில், நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களுடையது என மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் அடக்கத்தலம் கடலோரத்தில் உள்ளது. அதே கோவளத்தில் இருந்த கோட்டையை 1752-இல் கிளைவின் படை கைப்பற்றியது. அதே ஆண்டு செங்கற்பட்டுக் கோட்டையும் அவர் வசமாயிற்று. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும் கல்லறைகளும் நிற்கின்றன. தெற்கே கடப்பாக்கத்தருகில் ஆலம்பரைக் கோட்டை. நவாபு ஆட்சியில் நாணயச் சாலை கொண்டிருந்த அது, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1760-இல் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டது. இடிந்த சுவருக்கு அப்பால் கழிமுகமும் கடலும் தெரிய, மாலையில் அங்கு நிற்பவர் மனம் கனக்காமல் திரும்புவதில்லை. இவை காத்திருப்பவை.

காத்திராதவையும் உண்டு. திருக்கழுக்குன்றத்து மலைக்கு நாள்தோறும் நண்பகலில் இரு கழுகுகள் வந்து, கோயிலார் வைக்கும் சோற்றை உண்டு செல்லும் காட்சி நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. ஊரின் பெயரே கழுகால் அமைந்தது. மஞ்சள் முகப் பாறு எனும் இனத்தைச் சேர்ந்த அவை, 1990-களின் இறுதியோடு வருவதை நிறுத்திவிட்டன. அந்த ஆண்டுகளில் இந்தியா முழுவதிலுமே பிணந்தின்னிக் கழுகினங்கள் பேரளவில் அழிந்தன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபெனாக் எனும் வலிநீக்கி மருந்து, அவற்றின் இறைச்சி வழியே கழுகுகளுக்கு நஞ்சானதே அவ்வழிவின் பெருங்காரணம் என ஆய்வாளர் கண்டனர். 2006-இல் அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. "அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்" என்று அந்த மலையடிவாரத்தைக் கடந்து சென்றவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு அடுத்த முறை வாய்க்கவில்லை.

மாமாவின் பறவைகள்

என் மாமாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சினேன். 2020-இல் கொரோனா வந்து வானூர்திகளே நின்றன. 2021-இல் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, சர்க்கரை நோய் அவர் கண்ணொளியில் பெரும்பகுதியைக் கவர்ந்திருந்தது. சிகிச்சைக்கே ஈராண்டு போயிற்று.

2023 டிசம்பர்ப் புயல் மழையில் எங்கள் ஏரிகள் நிறைந்தன. 2024 ஜனவரியில், பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஒரு வேலை நாளில், மாமாவைக் காரில் அமர்த்தி அழைத்துச் சென்றேன். படாளம் கூட்டுரோட்டில் திரும்பியது முதல் அவர் ஒன்றும் பேசவில்லை. என் மகன் அவர் கையைப் பற்றிக் கரைமீது ஏற்றினான்.

மாமா நெடுநேரம் பார்த்தார். "மரமெல்லாம் வெள்ளையாய்த் தெரிகிறது. பூவா, பறவையா?" என்று கேட்டார். "பறவைதான் பெரியத்தா" என்றான் மகன். அப்போது நாரைகள் அலகோடு அலகு தட்டும் ஒலி நீரின்மேல் மிதந்து வந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "இதை நீ கடிதத்தில் எழுதவில்லையே" என்றார்.

எழுதாமல் விட்டது அது ஒன்றுதானா? 'எந்த மாதம்' என்பதை நான் சரியாக எழுதியிருந்தால், இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரு ஜனவரியையேனும் அவர் ஒதுக்கியிருப்பார். தெளிந்த கண்களோடு கண்டிருப்பார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மீண்டும் வருகிறது அந்தக் காலம்

ஆனால் வாசகர்களே, உங்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. 1996-இல் நான் கண்டது போலப் பிறையும் பறவையும் ஒன்றுசேரும் காலம் மீண்டும் வந்துவிட்டது. பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறினாலும், நோன்புப் பெருநாள் 2027-இல் மார்ச் 10 வாக்கிலும், 2028-இல் பிப்ரவரி 27 வாக்கிலும், 2029-இல் பிப்ரவரி 15 வாக்கிலும், 2030-இல் பிப்ரவரி 5 வாக்கிலும், 2031-இல் ஜனவரி 25 வாக்கிலும் அமைகிறது. மழை பொய்க்காத ஆண்டாயின், பெருநாளுக்கு வருபவர் ஷவ்வால் முதல் வாரத்திலேயே குஞ்சுகள் நிறைந்த கூடுகளைக் காணலாம். இதை விட்டால் நோன்புப் பெருநாள் பிப்ரவரிக்கு மீண்டும் வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று பிள்ளைகளைத் தோளில் சுமப்பவர் அன்று பிள்ளைகளின் கைப்பற்றி நடக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, உறவினர் அடுத்த முறை "எப்போது வரலாம்?" என்று கேட்டால், பெருநாள் தேதியோடு இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அவ்வாண்டு மழை எப்படி, ஏரியில் நீர் உண்டா என்பன அவை. பயணச்சீட்டு வாங்கும் முன் உள்ளூரில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவர் ஏதேனும் ஓர் இடத்தைக் காண ஆசைப்பட்டால், முதலில் அதற்கு நாள் குறியுங்கள். பிள்ளைகளுக்குப் பின்னும் காலம் உண்டு. பெரியவர்களுக்கு இல்லாமற் போகலாம்.

என் அத்தாவுக்கு இப்போது எண்பது வயதை நெருங்குகிறது. வரும் பெருநாளுக்கு மூன்றாம் நாள், அன்று அவர் என்னை அழைத்துச் சென்ற அதே கரைக்கு அவரை நான் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பெற்றோருக்கு நீண்ட ஆயுளையும் நம் ஏரிகளுக்கு நிறைந்த மழையையும் அருள்வானாக! ஆமீன்.